ஐந்து பிரதிகளிலும் இல்லாத பக்கம்

ஜூன் 3, செவ்வாய்

நான் கேட்டது என்ன, வந்தது என்ன. சிறை நூலகத்துக்கு வேண்டியதை ஜனவரியிலேயே பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தேன்: துப்பறியும் நாவல்கள் ஐம்பது, தமிழில் சட்டப் புத்தகங்கள், பத்தாம் வகுப்பு கைடு, பெரிய எழுத்தில் பக்திப் புத்தகங்கள், ஒரு நல்ல அகராதி. இன்று காலை ஒரு வேனில் முந்நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள் வந்து இறங்கின. ஏதோ ஒரு பொறியியல் கல்லூரி தன் நூலகத்தைக் காலி செய்திருக்கிறது. அகராதி ஒன்று இருந்தது. மற்றதெல்லாம் மைக்ரோபிராசசர், ஆப்பரேட்டிங் சிஸ்டம். அதுவும் நான் பாலிடெக்னிக்கில் படித்த காலத்துப் பதிப்புகள். கல்லூரிக்காரர்கள் சூப்பிரண்டுக்குச் சால்வை போட்டு, படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கைதிகள் தொடக்கூடிய கம்ப்யூட்டர் இந்தச் சிறையில் ஒன்றுகூடக் கிடையாது.

இந்த நோட்டைக் கொடுத்தது நல அலுவலர் ஹெலன் மேடம். "தினம் ரெண்டு வரி எழுதுங்க தெய்வசிகாமணி, மனசு லேசாகும்" என்றார். சோதனைக்கு வரும் வார்டர்கள் இதையும் புரட்டிப் படிப்பார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. ஆகவே மனசு லேசாகிற அளவுக்கு இதில் எதுவும் எழுதப் போவதில்லை. இரண்டு வருடத் தண்டனையில் பதினான்கு மாதம் முடிந்தது. இன்னும் பத்து.

ஜூன் 5, வியாழன்

பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். எலி கடித்தவை இருபத்தாறு. விண்டோஸ் 95 பற்றிய தடிப் புத்தகம் மட்டும் ஒன்பது பிரதிகள். தச்சுப் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் அதன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "ஜன்னல் செய்யுத புத்தகமா சார்?" என்றார். இல்லை என்று பத்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தலைக்கு வைத்துக்கொள்ள உயரம் சரியாக இருக்கிறது என்று எடுத்துப் போனார். இரவல் பதிவேட்டில் அதற்கென்று தனிக் கட்டம் கிடையாது.

ஜூன் 9, திங்கள்

கோமதிநாயகம் அண்ணாச்சி வந்தார். ஐம்பத்தெட்டு வயது. ஆயுள் தண்டனையில் பதினேழு வருடம் முடித்தவர். ஊரில் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிற வேலை பார்த்தவர். எட்டாவதோடு உள்ளே வந்து, பத்தாவதும் பன்னிரண்டாவதும் இங்கிருந்தே எழுதித் தேறினார். முன்விடுதலைக் கமிட்டி ஆகஸ்டில் கூடுகிறது. அவர் பெயர் பட்டியலில் இருக்கிறது என்று சிறை முழுவதும் பேச்சு.

"சார், இதுல எது சின்னது?"

"எது சின்னதுன்னா?"

"எதைப் படிச்சா முழுசா வெளங்கும்னு கேக்கேன்."

"அண்ணாச்சி, இதெல்லாம் எப்பவோ உள்ளது. இப்ப யாரும் இதைச் சீந்த மாட்டாங்க."

"நான் உள்ள வந்தே பதினேழு வருசம் ஆச்சு. எனக்கு எல்லாமே எப்பவோ உள்ளதுதான். குடுங்க."

8085 என்ற பழைய மைக்ரோபிராசசர் பற்றிய பாடப்புத்தகத்தைக் கொடுத்துத் தொலைத்தேன். அதற்கு ஐந்து பிரதிகள் இருந்தன. அகராதியையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஜூன் 12, வியாழன்

இன்று பதினேழு கேள்விகள். எண்ணினேன்.

ஜூன் 18, புதன்

நூலகத் தரையில் சாக்பீஸால் ஏழு கட்டம் போட்டுவிட்டார். ஏ, பி, சி, டி, இ, எச், எல். மைக்ரோபிராசசருக்குள் எண்களைப் பிடித்து வைக்கிற இடங்கள் அவை. கேரம் காய்களைக் கொண்டுவந்து ஏ கட்டத்தில் ஐந்து வைத்தார், பி கட்டத்தில் மூன்று. புத்தகத்தை வரி வரியாகப் படித்து, காயை நகர்த்துகிறார். கம்ப்யூட்டர் இல்லாத குறைக்கு அவரே கம்ப்யூட்டராகிவிட்டார். கூட்டு என்று வந்ததும் பி-யில் இருந்த மூன்று காயையும் அள்ளி ஏ-யில் போட்டார்.

"தப்பு. பி காலியாகாது" என்றேன்.

"எடுத்துக் குடுத்த பொறவும் கையில எப்படி இருக்கும்?"

"காப்பி எடுத்துக்கும் அண்ணாச்சி."

"குடுத்தாலும் குறையாதா?"

"குறையாது."

 பையிலிருந்து இன்னும் மூன்று காய் எடுத்து பி-யில் வைத்தார். வெளியே கேரம் ஆடுகிறவர்கள் காய் குறைகிறது என்று சத்தம் போட்டார்கள். சமாதானம் சொல்ல நான்தான் போக வேண்டியிருந்தது. திரும்பி வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தவன் டீ மணியடித்ததைக் கவனிக்கவில்லை. டீ போயிற்று.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கல்லூரிக்காரர்கள் புத்தம் புதுப் புத்தகம் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது. இன்றைய சிப்பை எந்த மனிதனும் தரையில் வரைய முடியாது. இது பழசு, அதனால் சின்னது. ஒரு ஆள் உட்கார்ந்து அதில் ஒன்று விடாமல் தெரிந்துகொள்ள முடியும். இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதிலிருந்து ஒன்பது கேள்வி வரும்.

ஜூன் 21, சனி

ஜெயக்கொடி மனு எழுதிக் கொடுத்து என்னைப் பார்க்க வந்திருந்தாள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் இருபது பேர் கத்துகிறார்கள், இந்தப் பக்கம் இருபது பேர் கத்துகிறோம். மனைவியிடம் பேசுவதற்கு அரசாங்கம் கண்டுபிடித்த வழி இது.

மேல்முறையீடு ஜூலை 30 விசாரணைக்கு வருகிறதாம். வக்கீல் இம்மானுவேல் நம்பிக்கையாக இருக்கிறாராம். நான் வேலை பார்த்த கம்பெனியில் வாளி செய்கிற மெஷினின் கதவு திறந்தால், நிற்கச் சொல்லி உள்ளே சிக்னல் போக வேண்டும். சிக்னல் போயும் மெஷினுக்குள் இருந்த பழைய கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டது, மெஷினில் சிக்கி இறந்த பெண்பிள்ளையும் கவனக்குறைவாகக் குனிந்துவிட்டது, பராமரிப்பு சூப்பர்வைசராக இருந்த நான் என்ன செய்வேன் என்பதுதான் எங்கள் வாதம்.

"கம்ப்யூட்டர் கோளாறுன்னு சொல்லிட்டா வெளிய வந்துரலாம்னு சொன்னாருங்க" என்றாள்.

"ம்."

"நெசமாவே கோளாறுதான?"

"என்ன கேள்வி இது? பதினாலு மாசம் கழிச்சு" என்றேன்.

பக்கத்து ஆள் கத்தியதில் அவள் அடுத்துச் சொன்னது காதில் விழவில்லை.

ஜூன் 26, வியாழன்

அண்ணாச்சி இப்போது ஆப்பரேட்டிங் சிஸ்டம் புத்தகம் ஒன்றையும் எடுத்திருக்கிறார். இரண்டு வேலைகள் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு, மற்றதிடம் இருப்பதற்காகக் காத்து நின்றால் இரண்டுமே நகராது என்று ஒரு அத்தியாயம். அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"எங்க வாய்க்காத் தகராறை அப்படியே எழுதியிருக்கான் சார். மடை என் கையில. வயலுக்குப் போற வழி அவன் கையில. நான் மடையத் தொறக்க மாட்டேன், அவன் வழி விட மாட்டான். ரெண்டு பேரு பயிரும் கருகிச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் நான் அவனை வெட்டினேன்."

சாப்பாட்டில் உப்பில்லை என்று சொல்வது போலச் சொன்னார்.  அவர் பக்கத்தைத் திருப்பினார்.

"இப்படிச் சிக்கிக்கிட்டா ரெண்டுல ஒண்ணைக் கொன்னு விட்டாத் தீரும்னு இதுல போட்டிருக்கு. தீராது சார்."

பிறகு என் கேஸ் பற்றிக் கேட்டார். எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொன்னேன். அந்த மெஷினில் இருந்தது இதே 8085தான் என்றதும் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தார். போர்டை நானே இரண்டு தடவை ரிப்பேர் பார்த்திருக்கிறேன் என்றும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். கதவு சிக்னல் சிப்பின் எந்தப் பின்னுக்கு, அதாவது எந்தக் காலுக்குப் போகும் என்று கேட்டார். ட்ராப் என்ற காலுக்கு என்றேன். அதையும் சொல்லியிருக்க வேண்டாம். மனிதர் உடனே குறித்துக்கொண்டார்.

ஜூலை 3, வியாழன்

நிம்மதியாகப் பேப்பர் படிக்க விடுவதில்லை. 214ஆம் பக்கத்தை விரல் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"சார், ஒரு சின்னச் சந்தேகம்."

"உங்க சந்தேகம் என்னைக்கு அண்ணாச்சி சின்னதா இருந்திருக்கு?"

"வேலைக்கு நடுவுல வந்து கூப்பிடுத சிக்னல் அஞ்சு இருக்குன்னு போட்டிருக்கு. நாலை இப்ப வேண்டாம்னு தள்ளி வைக்கலாம். ட்ராப்பை மட்டும் தள்ள முடியாது. சிக்னல் வந்தா, கையில உள்ளதைப் போட்டுட்டு 0024ங்கிற விலாசத்துக்குப் போயே தீரணும்."

"ஆமா."

"அப்ப உங்க மெஷின் எப்படிக் கண்டுக்காம விட்டுச்சு?"

"பழைய சிப்பு. கெட்டுப்போயிருக்கும்."

"கெட்ட சிப்பு மத்த எல்லா வேலையும் எப்படிச் சரியாச் செஞ்சுது? வாளி வந்துக்கிட்டுதான இருந்துச்சு?"

நான் பேப்பரைத் திருப்பினேன்.

"சிக்னல் வந்திருந்தா நின்னுருக்கும் சார். அப்ப சிக்னலே வரலைன்னுல்லா அர்த்தம்" என்றார். குரலில் குற்றம் சொல்கிற தொனி கொஞ்சமும் இல்லை. கணக்குக்கு விடை வந்த சந்தோஷம்தான் இருந்தது. "எங்க தொட்டியில மிதவை சுவிட்சு மக்கர் பண்ணி மோட்டாரை நிப்பாட்டிக்கிட்டே இருக்கும். ரெண்டு வயரையும் சேத்து முறுக்கிவிட்டுருவேன். பொறவு நிக்காது."

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார் போலிருக்கிறது. புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அவருக்கு வேறு வேலை இல்லை. எனக்கு இருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

8085 புத்தகத்தில் 213, 214 உள்ள தாள் தளர்ந்திருந்தது. கிழிந்துவிடக் கூடாதே என்று எடுத்து வைத்தேன். பார்த்தால் ஐந்து பிரதிகளிலும் அதே தாள் தளர்வு. பைண்டிங் செய்தவர்களின் கோளாறு. பசை வந்ததும் ஒட்ட வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

அண்ணாச்சி காலையில் வந்து 8085 புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்துப் புரட்டினார். ஐந்தையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஐந்தையும் வரிசையாக வைத்துவிட்டுப் போனார்.

பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். கேள்வியே இல்லை. இந்த மனிதர் கேட்டாலும் தொந்தரவு, கேட்காவிட்டாலும் தொந்தரவு.

ஜூலை 16, புதன்

சோதனை. 24ஆம் தேதி டி.ஐ.ஜி. வருகிறார் என்பதற்காக எல்லா பிளாக்கையும் தலைகீழாகக் கொட்டினார்கள். வழக்கமாகப் பீடியும் பேட்டரியும்தான் கிடைக்கும். இன்று கோமதிநாயகத்தின் துணிமூட்டையிலிருந்து இருபத்திரண்டு தாள் எடுத்தார்கள். எல்லாத் தாளிலும் எண்கள். 3இ, 05, 06, 03, 80, 76. ஏ-யில் ஐந்து வை, பி-யில் மூன்று வை, கூட்டு, நில். அவ்வளவுதான் அது. வார்டருக்கு அது ரகசிய பாஷை.

கடைசித் தாளில் ஆங்கிலத்தில் பெரிதாக ட்ராப் என்றும், பக்கத்தில் 0024 என்றும், கீழே தமிழில் "இதை யாராலும் தடுக்க முடியாது. மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தாலும் இது வந்தே தீரும்" என்றும் எழுதியிருந்ததாம்.

ஆளைத் தனிச் செல்லில் போட்டுவிட்டார்கள்.

ஜூலை 17, வியாழன்

ஜெயிலர் பொன்னையா கூப்பிட்டனுப்பினார். மேஜையில் அந்தத் தாளும், நூலகத்தின் 8085 புத்தகம் ஐந்தும்.

"ட்ராப்புன்னா பொறி. 24ன்னா டி.ஐ.ஜி. வர்ற தேதி. யாராலயும் தடுக்க முடியாதுன்னு வேற எழுதி வச்சிருக்கான். கேட்டா புத்தகத்துல இருக்குங்கான், 214ஆம் பக்கமாம். அஞ்சு புத்தகத்துலயும் அந்தப் பக்கமே இல்ல. என்னை என்ன கேனயன்னு நினைச்சானா?"

"அந்த எண்ணெல்லாம் புரோகிராம் சார். நானே சொல்லிக்கொடுத்ததுதான்."

"அதைக் கேக்கல. இந்த ட்ராப் விஷயம் புத்தகத்துல உண்டா இல்லையா? லைப்ரரி உன் பொறுப்புதானே?"

"பாக்கணும் சார்" என்றேன்.

பாக்கணும் சார். அதைத்தான் சொன்னேன்.

"திங்கக்கிழமை சூப்பிரண்டு விசாரிக்காரு. குத்தம்னு பதிவானா ஆகஸ்டு கமிட்டிக்கு அவன் பேரு போகாது. அவனுக்கும் தெரியும். ஆனா பக்கம் எங்க போச்சுன்னு கேட்டா, தெரியாதுங்கறதுக்கு மேல வாயைத் திறக்க மாட்டேங்கான்."

ஜூலை 18, வெள்ளி

நாற்பத்தொரு புத்தகங்களுக்கு அட்டை போட்டேன். மதியம் சாம்பாரில் புளி அதிகம்.

ஜூலை 19, சனி

சனிக்கிழமைகளில் தனிச் செல்காரர்களுக்குப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்க அனுமதி உண்டு. போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தாளையும் பேனாவையும் பிடுங்கிவிட்டார்கள். சாக்பீஸும் இல்லை. தரையில் ஈர விரலால் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். போடப் போட வெயிலுக்குக் காய்ந்துகொண்டிருந்தது.

"பக்கம் எங்க போச்சுன்னு கேட்டாங்க சார். தெரியாதுன்னுட்டேன்."

தள்ளிக்கொண்டு வந்த புத்தக வண்டியைக் கம்பியோரம் நிறுத்தினேன்.

"ஒரு புத்தகத்துல போனா எலின்னு சொல்லலாம். அஞ்சுலயும் போனா ஆளுல்லா."

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே. எதுக்கு வாயை மூடிக்கிட்டு இருக்கீங்க?" எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

"சொன்னா ஏன் கிழிச்சான்னு கேப்பாங்க. உங்க அப்பீல் கெட்டுரும். வீட்டுல புள்ளைங்க காத்திருக்குன்னு சொன்னீங்கள்ல."

"உங்களுக்குப் பதினேழு வருசம் போயிருக்கு அண்ணாச்சி. கமிட்டி போயிரும்."

"போனாப் போகுது. அடுத்த வருசமும் கமிட்டி வரும்." விரலைச் சொம்பில் நனைத்துக்கொண்டார். "நான் சொல்லி உங்களை மாட்டிவிட மாட்டேன் சார். அது நீங்க சொல்ல வேண்டியது. ஏதும் புத்தகம் இருந்தாக் குடுங்க."

விண்டோஸ் 95தான் வண்டியில் இருந்தது. அதையும் வாங்கிக்கொண்டார். இந்த மனிதரோடு சண்டை போடவும் முடியவில்லை.

ஜூலை 21, திங்கள்

காலை பத்து மணிக்கு சூப்பிரண்டு அறை. அண்ணாச்சியை ஒரு ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். ஜெயிலர் குற்றச்சாட்டைப் படித்து முடிப்பதற்குள் நான் ஐந்து தாளையும் மேஜைமேல் வைத்துவிட்டேன். முடிக்கும்வரை காத்திருந்தால் வைத்திருக்க மாட்டேன் என்று தெரியும். பேஜ்மேக்கர் என்ற ஒரு புத்தகத்துக்குள் மறைத்து வைத்திருந்தேன். அதை யாரும் திறப்பதில்லை.

சூப்பிரண்டு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஐந்தும் ஒன்றுதான் என்றாலும் ஐந்தையும் படித்தார். 0024 என்ற விலாசம் ஐந்திலும் இருந்தது. கைதி எழுதியிருந்த தமிழ் வரியும் அந்த ஆங்கில வரியின் மொழிபெயர்ப்பு என்பது அவருக்குப் புரிந்தது.

"இவ்வளவுதானாய்யா?" என்று ஜெயிலரைப் பார்த்தார். ஜெயிலர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"கோமதிநாயகத்தை பிளாக்குக்கு அனுப்புங்க. பேப்பர் எல்லாத்தையும் திருப்பிக் குடுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ ஏன் கிழிச்சே?"

"இந்தப் பக்கத்தைப் படிச்சா என் அப்பீல்ல சொல்லியிருக்கறது பொய்னு தெரிஞ்சிரும் சார்."

 அவர் பேனாவைக் கையில் எடுத்தார், மறுபடி கீழே வைத்தார்.

"இதை நான் எழுதிக்கணுமா, காதுல விழாத மாதிரி இருக்கணுமா? யோசிச்சுச் சொல்லு."

அதையும் என்னிடமே விட்டால் எப்படி? ஒரு சூப்பிரண்டு என்று எதற்கு இருக்கிறார்?

புத்தகத்தைச் சேதப்படுத்தியதற்கு நன்னடத்தைக்காகத் தண்டனையில் கழிக்கிற நாட்களில் ஐந்தை வெட்டினார்கள். மதியம் ஜெயிலர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, ஐந்து தாளையும் மைதாப் பசையால் ஒட்டினேன். மூன்றாவது கொஞ்சம் கோணலாகிவிட்டது.

ஜூலை 23, புதன்

அண்ணாச்சியின் பெயர் கமிட்டிக்குப் போய்விட்டது என்று ஹெலன் மேடம் சொன்னார்.

மனிதர் நூலகத்துக்கு வந்து பழையபடி தரையில் கட்டம் போட்டார். நன்றி சொல்வார், அல்லது திட்டுவார் என்று காத்திருந்தேன். இரண்டும் இல்லை. பெருக்கலுக்குத் தனிக் கட்டளை இல்லையாமே, திரும்பத் திரும்பக் கூட்டித்தான் பெருக்க வேண்டுமாமே, இது என்ன அநியாயம் என்று கேட்டார். ஒரு மணி நேரம் போயிற்று.

ஜூலை 25, வெள்ளி

வக்கீல் இம்மானுவேல் வந்தார். கம்ப்யூட்டர் கோளாறு என்ற வாதத்தை எடுத்துவிடுங்கள் என்றேன்.

"எடுத்துட்டு எதைச் சொல்ல?"

"நடந்ததை."

"என்ன நடந்தது?"

பதினாறு மாதத்தில் அவர் அதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. சொன்னேன். எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"தெய்வசிகாமணி, இன்னும் எட்டு மாசம்தான் உங்களுக்கு. இப்ப இதைச் சொன்னா அப்பீல் அன்னைக்கே முடிஞ்சிரும். அதோட, இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள வயரை அவுத்தீங்கல்ல, சாட்சியத்தை அழிச்சதுன்னு புதுசா ஒரு கேஸ் போடுவாங்க. யாரு கேட்டா உங்களை?"

"யாரும் கேக்கல."

"அப்ப?"

நான் 214ஆம் பக்கத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இந்தக் காலத்துல அந்தப் புத்தகத்தையெல்லாம் எவன் சார் படிக்கான்? ஜட்ஜுக்குத் தெரியாது, கவர்ன்மென்ட் வக்கீலுக்குத் தெரியாது" என்றார். படித்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று சொன்னேன். வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஜூலை 26, சனி

ஜெயக்கொடி வந்தாள். வக்கீல் போனில் சொல்லிவிட்டாராம். இன்றும் அதே இருபது பேர் கத்தல். அந்தக் கத்தலுக்கு நடுவில், இரண்டு கையையும் வாய்க்குக் குவித்து, என் மனைவியிடம் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. கதவு சுவிட்ச் அரைமணிக்கொரு தரம் மெஷினை நிறுத்தியது. புது சுவிட்ச் கேட்டேன், மானேஜர் அடுத்த மாதம் என்றார். நான் வயரைச் சேர்த்து முறுக்கிவிட்டேன். கதவு திறந்தாலும் மூடியிருக்கிறது என்றே மெஷின் நினைக்கும். பதினோரு நாள் அப்படி ஓடியது.

"கேக்கல" என்றாள்.

இரண்டாம் முறை கத்திச் சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்குத் தெரியும்" என்றாள். "அன்னைக்கு ராத்திரி வந்ததும் ஒரு முழ வயரை அடுப்புல போட்டீங்கள்ல. வீடெல்லாம் நாத்தம். நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"சொன்னா இன்னும் நாள் கூடும் ஜெயக்கொடி."

"கூடுனா வந்து பாப்பேன். இத்தனை நாள் வரலையா?" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். நேரம் முடிந்துவிட்டது என்று வார்டர் விசில் ஊதினார். முழுதாக ஒரு வாக்கியம் பேசிவிட்டால் இவர்களுக்குப் பொறுக்காது.

ஜூலை 28, திங்கள்

சூப்பிரண்டிடம் போய், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். நீயே எழுது, மேல்முறையீட்டுக் கோர்ட்டுக்கு நான் அனுப்பிவைக்கிறேன் என்றார். நான்கு தாள் கொடுத்தார். இரண்டு வீணாயின. முதலில் எழுதியதில் மானேஜரைப் பற்றித்தான் முக்கால் பக்கம் இருந்தது. அடுத்ததில் சுவிட்சைப் பற்றி. அண்ணாச்சி அருகில் உட்கார்ந்து காய் நகர்த்திக்கொண்டிருந்தார். என்ன எழுதுகிறேன் என்று தெரிந்தும் எட்டிப் பார்க்கவில்லை. கேள்வியும் கேட்கவில்லை.

அனுப்பியதிலிருந்து முக்கியமான பகுதியை இங்கே பிரதி எடுத்து வைக்கிறேன். வார்டர்கள் படித்தால் படிக்கட்டும்.

"மெஷினிலோ அதற்குள் இருந்த கம்ப்யூட்டரிலோ கோளாறு எதுவும் இல்லை. கதவிலிருந்து வரும் சிக்னலை நான்தான் வயர் முறுக்கி நிறுத்தினேன். இறந்துபோன ஆவுடைச்செல்வி, வயது 22, கவனக்குறைவாக இருந்ததாக என் மேல்முறையீட்டில் சொல்லப்பட்டிருப்பது பொய். என் மகள் எதிலும் கவனமாக இருப்பவள் என்று அவள் அப்பா கீழ் நீதிமன்றத்தில் சொன்னதுதான் உண்மை. மாட்டிக்கொண்ட வாளியை எடுக்க அவள் முறைப்படி கதவைத் திறந்துவிட்டுத்தான் உள்ளே குனிந்தாள். கதவைத் திறந்தால் மெஷின் நின்றுவிடும், அப்புறம் பயப்படாமல் குனியலாம் என்று, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்."